புடகத்துக்கு யார் வழி சொல்கிறார்கள்?

கேள்வி: "கொல்கி உபகரணம் புரதங்களைப் பொதி செய்து உரிய இடங்களுக்கு அனுப்புகிறது என்று பாடக்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. ரியூசன் ஆசிரியர் அதைத் தபாற் கந்தோர் என்று சொன்னார். உரிய இடம் எது என்று கொல்கிக்கு யார் சொல்வது? புடகம் பிழையான இடத்துக்குப் போனால் என்ன நடக்கும்? இதெல்லாம் பரீட்சைக்கு வேண்டுமா?" நெல்லியடியிலிருந்து ஓர் உயர்தர மாணவி.

பிள்ளை, கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் இரண்டும்தான் பெறுமதியானவை. நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உயிர்இரசாயனம் கற்பிப்பவன். நீர் கேட்ட இதே கேள்வியை வகுப்பில் யாராவது கேட்கமாட்டார்களா என்று ஒவ்வொரு ஆண்டும் பார்த்திருப்பேன். பெரும்பாலும் குறிப்பெழுதும் சத்தம்தான் கேட்கும்.

கொல்கி என்பது கலத்துக்குள் உள்ள மென்சவ்வுத் தட்டுகளின் அடுக்கு, புடகம் என்பது சரக்கைச் சுமக்கும் சிறு மென்சவ்வுப் பை. தபாற் கந்தோர் உவமை முதல் நாளுக்குப் போதும். இரண்டாம் நாளே அது வழிமறிக்கத் தொடங்கிவிடும். கந்தோரில் முகவரியை வாசிக்க ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். கலத்துக்குள் அப்படி அறிந்தவர் எவரும் இல்லை. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு மூலக்கூறு இன்னொரு மூலக்கூறின் சிறு துண்டொன்றோடு ஒட்டுகிறது, அல்லது ஒட்டாமல் விட்டுவிடுகிறது. அடுத்த சந்தியில் என்ன இருக்கிறது என்பது இந்தச் சந்திக்குத் தெரியாது. இப்படி ஒட்டியும் விட்டும், பிழைத்தவற்றைத் திருப்பி அனுப்பியும் நடப்பதைத்தான் நாம் தூரத்தில் நின்று பார்த்து "கலம் வழிநடத்துகிறது" என்கிறோம்.

முதல் முடிவு, புரதம் முழுதாக உருவாகும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. இழைமணியும் பச்சையுருமணியும் தமக்குள்ளேயே செய்துகொள்ளும் சிலவற்றை விட்டுவிட்டால், எல்லாப் புரதங்களின் தொகுப்பும் குழியவுருவில், அதாவது கலத்தை நிரப்பும் கூழில், உள்ள இறைபோசோம்கள் என்ற புரதம் தொகுக்கும் துணிக்கைகளிலேயே தொடங்குகிறது. கலத்துக்கு வெளியே சுரக்கப்பட வேண்டிய புரதம் என்றால் அதன் தலைப்பில் ஏறத்தாழ 15 முதல் 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இருக்கும். அதன் நடுப்பகுதி நீரோடு சேராதது. அந்தத் துண்டு இறைபோசோமிலிருந்து வெளியே நீண்டவுடன், குழியவுருவில் திரியும் ஒரு துணிக்கை அதைப் பற்றிக்கொள்கிறது. எம்மைப் போன்ற முலையூட்டிகளில் ஆறு புரதங்களும் ஒரு சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறும் சேர்ந்தது அந்தத் துணிக்கை. அது பற்றியதும் தொகுப்பு தாமதமாகிறது. தாமதித்த நிலையிலேயே இறைபோசோம், கலத்துக்குள் மென்சவ்வாலான வலையாகிய அகமுதலுருச் சிறுவலையின் மேற்பரப்பை அடைந்து, அங்கே அந்தத் துணிக்கையைப் பற்றும் புரதமான வாங்கியோடு இணைந்து, மென்சவ்வில் உள்ள ஒரு துவாரத்தின் மேல் அமர்கிறது. பிறகு தொகுப்பு மீண்டும் தொடர, சங்கிலி நேரே சிறுவலையின் உள்ளே இறங்குகிறது. வேலை முடிந்த தலைப்புத் துண்டு வெட்டி அகற்றப்படுகிறது.

அழுத்தமற்ற சிறுவலையைப் படத்தில் வரையும்போது அதன்மேல் புள்ளி புள்ளியாக இறைபோசோம்களை வைக்கிறீர்கள் அல்லவா? அவை அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவை அல்ல. அந்த நேரத்தில் தாம் தொகுத்துக்கொண்டிருக்கும் புரதத்தால் அங்கே கொண்டுவரப்பட்டவை. வேலை முடிந்ததும் பிரிந்து போய்விடும். அடுத்த முறை அதே இறைபோசோம் குழியவுருவிலேயே தங்கும் ஒரு நொதியத்தைத் தொகுத்துக்கொண்டிருக்கலாம்.

இந்தத் தலைப்புத் துண்டு பற்றிய எண்ணத்தை 1971இல் முன்வைத்து 1975இல் சோதனையால் நிலைநாட்டியவர் குந்தர் புளோபெல். 1999இல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தை அவர் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்தை மீளக் கட்டும் பணிக்குக் கொடுத்துவிட்டார். 1945இல் குண்டுவீச்சில் அந்த நகரம் எரிந்த இரவில், எட்டு வயதுப் பையனாகத் தொலைவிலிருந்து வானம் சிவந்ததைப் பார்த்தவர் அவர். 1981இல் நூலகம் எரிந்ததைக் கண்ட ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் கடந்து போக என்னால் முடியவில்லை. சரி, பாடத்துக்கு வருவோம்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளும். முதலில் அது 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. சிறுவலைக்குள் நுழையும்போது தலைப்பில் 24 போய்விடுகின்றன. மிஞ்சிய 86இல் நடுத்துண்டு பின்னர் கொல்கியைக் கடந்த புடகத்துக்குள் வெட்டப்பட்டு, 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் மிஞ்சுகிறது. வெட்டுண்ட நடுத்துண்டில் 31 அமினோ அமிலங்கள் கொண்ட பகுதி இன்சுலினோடு ஒரே புடகத்தில் இருந்து, அதோடு சேர்ந்தே குருதிக்குள் வருகிறது. ஒரு நோயாளியின் சதையி தானாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அறிய வைத்தியர்கள் அளப்பது இந்தத் துண்டைத்தான். ஊசியில் ஏற்றும் இன்சுலினில் அது இருக்காது.

இந்தப் பாதையை முதலில் நேரம் குறித்துப் பார்த்தவர்கள் ஜோர்ஜ் பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும். கினிப்பன்றியின் சதையியை மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிர்த்தொழிற்பாடுள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தை மூன்றே மூன்று நிமிடங்களுக்குக் கொடுத்துவிட்டு, உடனே சாதாரண லியூசினால் அதைக் கழுவித் தள்ளினார்கள். அந்த மூன்று நிமிடங்களில் தொகுக்கப்பட்ட புரதம் மட்டும் அடையாளம் பெற்றுவிடும். பிறகு வெவ்வேறு நேரங்களில் சீவல்களை எடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அடையாளம் முதலில் சிறுவலையில், பிறகு கொல்கிப் பக்கம், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சுரப்புச் சிறுமணிகளில். 1967இல் வந்த வேலை இது. நீர் படத்தில் போடும் அம்புக்குறிகள் அந்தச் சீவல்களிலிருந்துதான் வந்தன. பலாடேக்கு 1974இல் நோபெல் பரிசு கிடைத்தது.

சிறுவலைக்குள் போன புரதத்துக்கு உடனே வெளியேற அனுமதி இல்லை. சரியாக மடிந்திருக்க வேண்டும். மடிப்பைப் பார்க்கவும் மடியாததைத் தாங்கிப் பிடிக்கவும் அங்கே துணைப்புரதங்கள் இருக்கின்றன. நெடுநேரம் மடியாமல் கிடப்பது குழியவுருவுக்குத் திருப்பித் தள்ளப்பட்டு அங்கே துண்டாக்கப்படுகிறது. இந்தக் கண்டிப்புக்கு ஒரு விலையும் உண்டு. சிஸ்டிக் ஃபைபுரோசிஸ் என்ற பரம்பரை நோயில், குளோரைட்டு அயன்களைக் கடத்தும் ஒரு புரதத்தின் 1,480 அமினோ அமிலங்களில் 508ஆம் இடத்தில் உள்ள ஒன்று இல்லாமற்போவதே மிகப் பரவலான காரணம். அந்தக் குறையோடும் அந்தப் புரதம் மென்சவ்வை அடைந்தால் ஓரளவு வேலை செய்யக்கூடியது. ஆனால் சிறுவலை அதை விடுவதில்லை, பிடித்து அழித்துவிடுகிறது. அது வெளியே போய்ச் சேர உதவும் மருந்துகள் இப்போது பயன்பாட்டில் உள்ளன. இங்கே நோய்க்குக் காரணம், பொருள் போய்ச் சேராததுதான்.

மடிந்து முடிந்தவை சிறுவலையின் குறிப்பிட்ட இடங்களில் திரள்கின்றன. அங்கே குழியவுருப் பக்கமிருந்து சில புரதங்கள் மென்சவ்வின்மேல் படிந்து, உறையாகி, அதை வளைத்துப் புடகமாகக் கிள்ளி எடுக்கின்றன. உறை இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது: மென்சவ்வை வளைப்பதும் சரக்கைத் தெரிவதும். எந்தப் புரதத்தின் குழியவுருப் பக்க வாலில் உறையோடு ஒட்டும் துண்டு இருக்கிறதோ அது உள்ளே சேரும். உள்ளே கரைந்திருக்கும் புரதத்துக்கு அப்படி வால் இல்லை. அது மென்சவ்வைக் குறுக்காகக் கடந்து நிற்கும் ஒரு வாங்கியைப் பற்றிக்கொண்டு போகும், அல்லது கூட்டத்தோடு கூட்டமாக அள்ளுப்பட்டுப் போகும்.

அள்ளுப்படுவதால் ஒரு தொல்லை. மடிப்பைப் பார்க்கும் துணைப்புரதங்களும் கொல்கிக்குள் வந்துவிடுகின்றன. அவற்றின் வால் நுனியில் லைசின், அஸ்பாட்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், லியூசின் என்ற நான்கு அமினோ அமிலங்கள் அதே வரிசையில் இருக்கும். கொல்கியில் உள்ள வாங்கி ஒன்று இந்த நான்கையும் கண்டால் பிடித்து, பின்னோக்கிப் போகும் புடகத்தில் ஏற்றிவிடும். அதாவது சிறுவலைப் புரதங்கள் சிறுவலையில் தங்கியிருப்பது அவற்றை எவரும் கட்டிவைத்திருப்பதால் அல்ல. ஓடிப்போகின்றன, திரும்பக் கொண்டுவரப்படுகின்றன, மறுபடி ஓடுகின்றன. கலத்தில் "இருப்பிடம்" என்று நாம் சொல்வதில் பாதி இப்படித்தான்.

கொலரா நச்சு இந்த ஏற்பாட்டை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. குடற்கலத்தின் மேற்பரப்பில் ஒட்டி உள்ளே இழுபடும் அந்த நச்சின் ஒரு கூற்றின் நுனியிலும் இதே நான்கு எழுத்துகள் இருக்கின்றன. அதன் உதவியோடு கொல்கி வழியாகப் பின்னோக்கிச் சிறுவலை வரை போகிறது. அங்கே "மடியாத புரதம்" போல நடித்து, குப்பை அகற்றும் வழியால் குழியவுருவுக்குள் இறங்குகிறது. பற்றீரியாவுக்குச் சொந்தமாக ஒரு வழியும் அமைக்க வேண்டியிருக்கவில்லை.

இனிக் கொல்கி. உம்முடைய கேள்வியின் நடுப்புள்ளி இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

கழிவைச் சமிக்கும் அறையான இலைசோசோமுக்குப் போகவேண்டிய நொதியங்களைப் பாரும். அவையும் இன்சுலின் போலவே தலைப்புத் துண்டோடு சிறுவலைக்குள் வந்தவை. கொல்கியின் வாசலில் இரண்டும் ஒரே கூட்டம். கொல்கியில் ஒரு நொதியம் இருக்கிறது. அது இலைசோசோம் நொதியங்களின் மேற்பரப்பு வடிவத்தைக் கண்டு, அவற்றில் தொங்கும் மனோசு வெல்லத்தில் பொஸ்பேற்று ஏற்படுத்தும் வேலையைத் தொடக்குகிறது. மனோசு-6-பொஸ்பேற்று என்ற அந்த அடையாளத்தை, கொல்கியின் மறுகரையில் உள்ள வாங்கி பற்றிக்கொள்கிறது, அந்த வாங்கியின் வால் உறையோடு ஒட்டுகிறது, புடகம் கிளம்புகிறது. வழியில் அமிலத்தன்மை கூடிய ஓர் அறையில் வாங்கியின் பிடி தளர்ந்து நொதியம் இறங்க, வாங்கி வெறுங்கையோடு கொல்கிக்குத் திரும்புகிறது.

இந்த அடையாளம் இடும் நொதியம் இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. நோய் மிக அரிது. அவர்களின் இலைசோசோம் நொதியங்கள் ஒன்றுவிடாமல் தொகுக்கப்படுகின்றன, நன்றாக மடிகின்றன, வேலையும் செய்யக்கூடியவை. ஆனால் அடையாளம் இல்லாததால் இலைசோசோமுக்குப் போகாமல் கலத்துக்கு வெளியே சுரக்கப்பட்டுவிடுகின்றன. அந்தக் குழந்தைகளின் குருதியில் இந்த நொதியங்கள் வழமைக்கு மேலாக இருக்கும். தோற்கலங்களின் இலைசோசோம்களில் சமிக்காத குப்பை நிரம்பியிருக்கும். "பிழையான இடத்துக்குப் போனால் என்ன நடக்கும்?" என்றீரே, மூளை வளர்ச்சியும் எலும்பு வளர்ச்சியும் பாதிக்கப்பட்டு, பெரும்பாலும் சிறுவயதிலேயே இறந்துவிடுவார்கள். நொதியம் இருந்தும் பயனில்லை, அது இருக்கும் இடம் பிழை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. சிறப்பு அடையாளம் எதுவும் இல்லாத கரைந்த புரதம் பல கலங்களில் வெளியேதான் போய்ச் சேரும். வெளியே போவதற்குக் கட்டளை தேவையில்லை, உள்ளே நிறுத்தி வைப்பதற்குத்தான் அடையாளம் தேவை.

எலிசபெத் நியூஃபெல்டின் ஆய்வுகூடத்தில் 1968இல் இரண்டு வெவ்வேறு இலைசோசோம் நோயாளிகளின் கலங்களை ஒரே தட்டில் வளர்த்தபோது அவை ஒன்றையொன்று குணப்படுத்தின. ஒன்றிடம் இல்லாத நொதியம் மற்றதிலிருந்து கசிந்து, மேற்பரப்பில் உள்ள வாங்கிகளால் உள்ளே இழுக்கப்பட்டது. மனோசு-6-பொஸ்பேற்று என்ற அடையாளம் அப்போது தெரியாது. இன்று பொம்பே நோய் போன்ற சிலவற்றுக்கு நொதியத்தையே நாளத்தில் ஏற்றி வைத்தியம் செய்கிறார்கள் என்றால் அதன் வேர் அந்தத் தட்டில் இருக்கிறது.

புடகம் கிளம்பிவிட்டது. இனி எங்கே போய் ஒட்டுவது? இதற்கு விடை இரண்டு திசைகளிலிருந்து வந்தது.

ஒருவர் ரண்டி ஷெக்மன். அவர் எடுத்துக்கொண்டது மதுவம். கள்ளைப் புளிக்க வைப்பதும், அந்தக் கள்ளை விட்டுக் கரைத்த அப்பமாவைப் பொங்க வைப்பதும், பாண் மாவை ஊத வைப்பதும் செய்கிற அதே இனம். அன்று பலர் இதைக் கேலி செய்யக்கூடிய தெரிவு. மதுவத்தில் சுரப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதே தெளிவில்லை. அவரும் மாணவர் பீட்டர் நோவிக்கும் தேடியது, 25 பாகை செல்சியசில் சாதாரணமாக வளர்ந்து 37 பாகையில் சுரப்பு நின்றுபோகும் விகாரிகளை, அதாவது பரம்பரையலகு மாறிய கலங்களை. ஏன் அப்படி? சுரப்பு அடியோடு இல்லாவிட்டால் கலம் செத்துப்போகும், ஆராய எதுவும் மிஞ்சாது. வெப்பநிலையைக் கூட்டி வேண்டிய நேரத்தில் மட்டும் பழுதாக்கினால் பழுதின் உருவத்தைப் பார்க்கலாம். (எங்கள் ஊரில் அந்தப் பரிசோதனையைச் செய்வதென்றால் 25 பாகைக்கே குளிரூட்டி வேண்டும்.) பிடித்த விதமும் அழகானது. சுரப்பு நின்ற கலம் மேற்பரப்பை விரிக்க முடியாது. புடகங்கள் உள்ளே குவியும். ஆகவே கலம் பருக்காமல் அடர்த்தி கூடும். அடர்த்தி படிப்படியாகக் கூடும் கரைசலில் சுழற்றினால் பழுதான கலங்கள் கீழே இறங்கித் தாமாகவே பிரிந்து நிற்கும். 1980க்குள் 23 பரம்பரையலகுகள் சிக்கின. ஒன்று பழுதானால் சிறுவலை வீங்கியது, இன்னொன்று பழுதானால் கொல்கி, வேறொன்று பழுதானால் புடகங்கள் குவிந்து கிடந்தன. பாதையின் எந்தப் படியை எது பார்க்கிறது என்பது அந்தப் படங்களிலேயே இருந்தது.

மற்றவர் ஜேம்ஸ் ரொத்மன். அவர் கலத்தையே உடைத்தார். உடைத்த கலங்களின் கொல்கிகளையும் குழியவுருச் சாற்றையும் சோதனைக் குழாயில் சேர்த்து, ஒரு கொல்கியிலிருந்து இன்னொன்றுக்குப் புரதம் மாறுவதை அங்கேயே நடக்கச் செய்தார். பிறகு சாற்றிலிருந்து ஒவ்வொரு கூறாக நீக்கி, எது இல்லாவிட்டால் நின்றுபோகிறது என்று தேடினார். அப்படிக் கிடைத்த ஒரு புரதம், ஷெக்மனின் மதுவத்தில் 18ஆம் எண் பெற்ற பரம்பரையலகின் புரதத்தோடு ஒத்துப்போனது 1989இல் தெரியவந்தது. மதுவத்திலும் விலங்குக் கலத்திலும் ஒரே இயந்திரம். 1993இல் மாட்டு மூளையிலிருந்து ஸ்நேர் புரதங்கள் பிரித்தெடுக்கப்பட்டபோது படம் ஏறத்தாழ முழுமையானது.

ஸ்நேர்கள் நீண்ட நார் போன்ற புரதங்கள். புடகத்தில் ஒரு வகை, சேரவேண்டிய மென்சவ்வில் அதற்குப் பொருந்தும் வகைகள். இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் நான்கு சுருள்கள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ள, முறுக்கு இறுக இறுக இரண்டு மென்சவ்வுகளும் நெருங்கி, இடையில் உள்ள நீர் விலகி, ஒன்றாகிவிடுகின்றன. பொருந்தாத சோடி அப்படி இறுகாது. ஆனால் ஸ்நேர் மட்டுமே இடத்தைத் தீர்மானிக்கிறது என்று எழுதுவது அவசரம். அதற்கு முன் ராப் என்ற சிறு புரதங்கள் இருக்கின்றன. மனிதரில் 60க்கு மேற்பட்ட வகை. ஜி.ரி.பி. என்ற சிறு மூலக்கூறு ஒட்டியிருக்கும்போது ராப் புடகத்தின் மேல் அமர்ந்து, போய்ச்சேரும் மென்சவ்விலிருந்து நீளும் நீண்ட புரதங்களோடு பிடிபடும். அந்தப் பிடியில் புடகம் இழுபட்டு அருகே வந்த பிறகுதான் ஸ்நேர்களுக்கு வேலை. ஜி.ரி.பி. உடைந்தால் ராப் கழன்றுவிடும். இரண்டு மூன்று ஒட்டல்கள் அடுத்தடுத்துச் சரியாக அமைந்தால்தான் கதவு திறக்கும். ஒவ்வொன்றும் தனியே பலவீனமானது, சேர்ந்தால் பிழை அரிது.

இந்த ஸ்நேரை நீர் நேரில் கண்டதில்லை என்றாலும் அதைக் காப்பாற்ற ஊசி போட்டிருப்பீர். காலில் துருப்பிடித்த ஆணி ஏறினால் ஏற்பூசி (ரெட்டனசு தடுப்பூசி) போடுகிறோமே, ஏன்? காயத்தில் பெருகும் பற்றீரியா விடும் நச்சு, தசைக்குப் போகும் நரம்புக்கலத்தின் முனைக்குள் நுழைகிறது. அங்கே எதையும் செய்யாமல், நுண்புன்குழாய்கள் வழியே கலவுடலை நோக்கிப் போகும் புடகத்தில் ஏறி, முண்ணாண் வரை பயணம் செய்கிறது. காயம் முண்ணாணிலிருந்து எவ்வளவு தூரமோ, பொதுவாக நோய் தெரியவும் அவ்வளவு நாள் கூடுதலாகப் பிடிக்கும். முண்ணாணில் அந்தக் கலத்தை விட்டு இறங்கி, தசையை அடக்கிவைக்கும் அயல் நரம்புக்கலத்துக்குள் புகுகிறது. அங்கேதான் தன் வேலை: புடகத்தில் உள்ள ஸ்நேர் ஒன்றை ஒரே ஓர் இடத்தில் வெட்டுகிறது. அடக்கும் செய்தி நின்றுவிட, தசைகள் கட்டுக்கடங்காமல் இறுகுகின்றன. தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது.

பொட்டுலினம் என்ற இன்னொரு நச்சின் ஒரு வகை, இதே ஸ்நேரை இதே பிணைப்பில்தான் வெட்டுகிறது. ஆனால் அது முண்ணாணுக்குப் போகாமல் தசை முனையிலேயே தங்கி வெட்டுவதால், தசைக்குச் செய்தியே போகாமல் தசைகள் தளர்ந்து விழுகின்றன. வெட்டு ஒன்று, வெட்டும் இடம் ஒன்று. நோய்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிர். எந்தப் புடகத்தில் ஏறி எங்கே இறங்கியது என்பது மட்டும்தான் வித்தியாசம். வகுப்பில் இதைச் சொல்லும்போதுதான் குறிப்பெழுதும் சத்தம் நிற்கும். தடுப்பூசியால் உண்டாகும் பிறபொருளெதிரி, நச்சு நரம்புக்குள் ஏறும் முன்பே அதைப் பிடிக்க வேண்டும். ஏறிவிட்டால் அதற்கு எட்டாது. ஆகவே ஆணி ஏறிய பிறகு "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது.

நரம்பு முனையில் இந்த இணைதல் கல்சியம் வந்த ஒரு மில்லிசெக்கனுக்குள் நடந்துவிடும். அதைக் கண்டறியும் புரதத்தை ஆராய்ந்தவர் தோமஸ் சூடோஃப். ஷெக்மன், ரொத்மன், சூடோஃப் மூவருக்கும் 2013இல் நோபெல் பரிசு. புடகங்களைத் தூக்கிச் செல்லும் கைனசின், டைனீன் என்ற இயக்கப் புரதங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை: ஓர் ஏ.ரி.பி.க்கு 8 நனோமீற்றர் அடி வைத்து, வேகமான சரக்கு நரம்பில் ஒரு நாளைக்கு 400 மில்லிமீற்றர் வரை போகும். அவை ஓட்டத்தைத் தருகின்றன, முகவரியை அல்ல.

உள்ளே வரும் போக்குவரத்தும் இதே முறைதான். 1964இல் தோமஸ் ரொத், கீத் போட்டர் என்ற இருவர் நுளம்பின் முட்டைக் கலத்தைப் பார்த்தார்கள். குருதி குடித்த பிறகு அதன் மேற்பரப்பில் முட்கள் பதித்தாற்போன்ற உறையுடைய குழிகள் பலமடங்கு பெருகி, மஞ்சட்கருப் புரதத்தை உள்ளே இழுத்தன. நுளம்பின் இனம் ஏடிஸ் ஈஜிப்தி. மாரி மழை விட்டதும் எங்கள் வளவுச் சிரட்டைகளில் பெருகி டெங்கு பரப்பும் அதே நுளம்பு. உறையின் புரதம் கிளத்திரின் என்று 1976இல் பெயர் பெற்றது. அந்தக் குழிக்குள் ஏற ஒரு வால் வேண்டும் என்பதை மைக்கேல் பிரவுணும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் ஒரு நோயாளியின் கலங்களில் கண்டார்கள். அவருடைய கொலஸ்திரோல் வாங்கிகள் சரக்கை நன்றாகப் பிடித்தன, உள்ளே மட்டும் போகவில்லை. 839 அமினோ அமிலங்களில் வாலில் உள்ள ஒரு தைரோசின் மாறியிருந்தது. அவ்வளவுதான். மற்றவர்களில் அதே வாங்கி ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்து, தன் ஆயுளில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை சுற்றும்.

வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் இருந்தால் இதையும் கேளும். தசையிலும் கொழுப்பிழையத்திலும் குளுக்கோசை உள்ளே எடுக்கும் புரதம் சாதாரண நேரத்தில் பெரும்பாலும் மேற்பரப்பில் இல்லை. கலத்துக்குள் புடகங்களில் காத்திருக்கிறது. இன்சுலின் வந்து வாங்கியில் ஒட்டினால், ராப்களை அடக்கி வைத்திருக்கும் ஒரு புரதம் செயலிழந்து, புடகங்கள் மேலே வந்து மென்சவ்வோடு சேர்கின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் தடுமாறும் முக்கியமான படிகளில் ஒன்று இது. தசை வேலை செய்யும்போது இன்சுலினின் கட்டளை இல்லாமலே அந்தப் புடகங்கள் மேலே வருகின்றன. கிளினிக்கில் "நடவுங்கோ" என்று சொல்வதன் பின்னால் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, கெட்டிக்காரியாக இருந்தால் நீர் இப்படித் திருப்பிக் கேட்க வேண்டும்: "புடகம் கொல்கியை அறிவது கொல்கியில் உள்ள ராப்பாலும் ஸ்நேராலும் என்றால், அந்த ராப்பையும் ஸ்நேரையும் கொல்கியில் கொண்டுபோய் வைத்தது யார்?"

ஒரு பகுதி விடை கொழுப்பில் இருக்கிறது. மென்சவ்வில் சிறு அளவில் உள்ள இனோசிற்றோல் கொழுப்புகளின் வெவ்வேறு இடங்களில் பொஸ்பேற்று ஏறலாம். நான்காம் இடத்தில் ஏறியது கொல்கியில் மிகுதி. நான்கிலும் ஐந்திலும் ஏறியது கலத்தின் வெளி எல்லையான முதலுருமென்சவ்வில். மூன்றாம் இடத்தில் ஏறியது உள்வாங்கிய புடகங்கள் சேரும் அறையில். குழியவுருப் புரதங்கள் இந்தப் பொஸ்பேற்றையும் அங்குள்ள ராப்பையும் ஒருசேரக் கண்டால்தான் நிலையாக ஒட்டும். ராப் தன் பங்குக்கு அந்தப் பொஸ்பேற்றை ஏற்றும் நொதியத்தையும், தன்னையே மேலும் வரவழைக்கும் புரதத்தையும் அழைக்கிறது. இருப்பது இன்னும் இருக்கத் தூண்டும் சுற்று. அதோடு அடுத்ததையும் அழைத்துவிடுகிறது: உள்வாங்கிய அறையில் ராப்-5 நிறைந்து வரும்போதே ராப்-7ஐ அழைக்கும் புரதம் வந்து, ராப்-5 விலகி, அறை இலைசோசோமை நோக்கிய அறையாக மாறிவிடுகிறது. அறை நகரவில்லை, அதன் அடையாளம்தான் மாறியது. கொல்கியின் தட்டுகளும் இப்படித்தான் ஒன்றிலிருந்து மற்றதாக முதிர்கின்றன என்பதை 2006இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் உயிருள்ள மதுவத்தில், ஒரே தட்டு நிறம் மாறுவதைப் படமெடுத்துக் காட்டின. விலங்குக் கலத்தில் முதிர்வு எவ்வளவு, புடகக் கடத்தல் எவ்வளவு என்ற வாதம் ஓயவில்லை. என் சார்பைக் கேட்டால், முதிர்வின் பக்கம்.

மறு பகுதி விடை இன்னும் பழையது. எந்தக் கலமும் சிறுவலையை வெறுமையிலிருந்து கட்டுவதில்லை. டி.என்.ஏ.யில் புரதங்களுக்கான குறிப்பு இருக்கிறது. ஆனால் தலைப்புத் துண்டுள்ள புரதம் நுழைய ஒரு துவாரம் வேண்டும், அந்தத் துவாரமும் ஒரு புரதம்தான், அது மென்சவ்வில் சேர ஏற்கெனவே ஒரு துவாரம் இருந்திருக்க வேண்டும். ஆகவே கலம் பிரியும்போது மென்சவ்வும், அதில் எது எங்கே என்ற ஒழுங்கும் சேர்ந்தே பங்கிடப்படுகின்றன. உம்முடைய சிறுவலை அம்மாவின் முட்டைக் கலத்திலிருந்து வந்தது. அவருடையது அம்மம்மாவின் முட்டையிலிருந்து. உம்முடைய கேள்விக்கு ஒரு பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், கொல்கிக்கு வழி சொல்வது முன்பிருந்த கொல்கியும் சிறுவலையும்தான்.

பரீட்சை விடயம்: சிறுவலை, கொல்கி, புடகம், முதலுருமென்சவ்வு என்ற வரிசையையும், கொல்கி புரதங்களை மாற்றியமைக்கிறது, தரம்பிரிக்கிறது, பொதிசெய்கிறது, இலைசோசோம்களைத் தோற்றுவிக்கிறது என்பதையும் தெளிவாக எழுதினால் போதும். ஸ்நேர், ராப் எல்லாம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். புள்ளித்திட்டத்தில் இல்லாததற்குத் திருத்துபவர் புள்ளி போடமாட்டார்.